கேட்ட பதில், கேட்காத உறவு

ஒரு சதுக்கத்தில் நூறு பேர் கோபத்தோடு கூடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கல்லை எறியும் துணிச்சல் ஒரே ஒருவருக்குத்தான் இருக்கிறது. ஒருவர் எறிந்தால் இரண்டாமவரும் எறிவார். இருவர் எறிந்தால் மூன்றாமவர் சேர்ந்துகொள்வார். இப்படியே போனால் நூறாவது ஆள் மற்ற 99 பேரும் எறிந்த பிறகே கையைத் தூக்குவார். முதல் கல் பறந்ததும் ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்து கூட்டம் முழுவதும் கலவரத்தில் இறங்கிவிடும். இப்போது ஒரே ஓர் ஆளை மாற்றுவோம். ஒருவர் எறிந்தால் போதும் என்றிருந்த அந்த இரண்டாமவருக்குப் பதிலாக, இருவர் எறிந்தால்தான் எறிவேன் என்பவரை நிறுத்துவோம். முதல் ஆள் கல்லை எறிவார். அடுத்து எறிய ஆளில்லை. கலவரம் அந்த ஒற்றைக் கல்லோடு முடிந்துவிடும். சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1978-ல் வெளியிட்ட கணக்கு இது. அந்த இரண்டு கூட்டங்களிடமும் முந்தைய நாள் ஒரு சர்வே எடுத்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? ‘எத்தனை பேர் எறிந்தால் நீங்கள் எறிவீர்கள்’ என்ற கேள்விக்கு ஒரு கூட்டத்தின் சராசரி விடை 49.5, மற்றதன் விடை 49.51. எந்தப் புள்ளியியலாளரும் இவற்றை ஒரே கூட்டம் என்றுதான் சொல்வார். ஒன்றில் நூறு பேர் கலவரம் செய்கிறார்கள், மற்றதில் ஒருவர் மட்டும்.

ஒரு சமூகத்தை அப்படியே கணினிக்குள் ஏற்றி, ‘இப்படிச் செய்தால் என்ன ஆகும்’ என்று அதனிடம் கேட்டுப் பார்க்கும் ஆசைக்கு அறுபது வயதுக்கு மேலாகிறது. சர்வேயிலிருந்து மனிதர்களை எடுத்து உள்ளே போடு, விதிகளைக் கொடு, ஓடவிடு, முடிவைப் பார் என்பதே அதன் செய்முறை. மனிதர்களை எடுத்துப் போடும் வேலையில் நாம் மிகவும் தேறிவிட்டோம். அவர்களில் யார் யாரோடு பழகுகிறார்கள், யார் செய்வதைப் பார்த்து யார் செய்கிறார்கள் என்பதை அளப்பதில் இன்னும் தொடக்கப் பள்ளியில்தான் இருக்கிறோம். இந்த அத்தியாயத்தின் வாதம் இதிலிருந்து ஓரடி முன்னே போகிறது. பழக்கத்தையும் சரியாக அளந்து உள்ளே போட்டால் மாதிரிச் சமூகம் நிஜத்துக்கு நெருங்கி வரும். ஆனால் அதே கையோடு, ஒற்றை விடை சொல்லும் திறனை அது இழந்துவிடும். உண்மை கூடக் கூட உறுதி குறைகிறது. இந்தத் துறை மீது வீசப்படும் புகழ்ச்சிகளும் வசைகளும், இந்தப் பேரத்தை ஏற்க மறுப்பதால் வருபவை என்றே எனக்குப் படுகிறது.

பழக்கமே இல்லாத ஒரு மாதிரிச் சமூகத்திலிருந்து தொடங்கலாம். அது நன்றாகவே வேலை செய்தது என்பதால். 1959-ல் அமெரிக்காவில் சிமுல்மாட்டிக்ஸ் என்றொரு நிறுவனம் பிறந்தது. அதன் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எம்.ஐ.டி.யின் அரசியல் அறிஞர் இதியேல் டி சோலா பூல். 1952 முதல் 1958 வரையிலான தேர்தல்களை ஒட்டி எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்புகளின் துளை அட்டைகளை இந்தக் குழு திரட்டியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதில்கள் அவற்றில் இருந்தன. வாக்காளர்களை 480 வகைகளாகப் பிரித்தார்கள். கிழக்கு மாநிலப் பெருநகரங்களில் வாழும், குறைந்த வருமானமுள்ள, ஜனநாயகக் கட்சியை ஆதரிக்கும், வெள்ளையினக் கத்தோலிக்கப் பெண்கள் என்பது ஒரு வகை. ஒவ்வொரு வகைக்கும் 52 பிரச்சினைகள் குறித்து என்ன நிலைப்பாடு என்று ஓர் அட்டவணை. 1960-ல் கென்னடியின் பிரசாரக் குழுவுக்காக இந்த எந்திரம் ஒரு கேள்விக்கு விடை தேடியது: வேட்பாளர் கத்தோலிக்கர் என்பது தேர்தலின் மையப் பிரச்சினையாக வெடித்தால் யார் விலகுவார்கள், யார் வந்து சேர்வார்கள்? ஒளித்துப் பயனில்லை, நேருக்கு நேர் பேசிவிடுவதே லாபம் என்றது அறிக்கை. அந்தச் செப்டம்பரில் ஹூஸ்டனில் மதகுருக்கள் முன்னால் கென்னடி அப்படித்தான் பேசினார். அறிக்கையைப் படித்ததால் பேசினாரா, எப்படியும் பேசியிருப்பாரா என்ற தகராறு இன்றுவரை தீரவில்லை. தென் மாநிலங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மாநிலவாரியாக எந்திரம் சொன்னதற்கும் வாக்குப்பெட்டி சொன்னதற்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.82. இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் பழைய பதில்களை வைத்துக்கொண்டு இதைச் சாதித்தது சின்ன விஷயமல்ல.

இந்த 480 வகையினரில் ஒருவரும் இன்னொருவரோடு பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மனம் மாறினால் தன் மனமும் மாறும் வாக்காளர் அதில் இல்லை. அப்படியிருந்தும் கணக்கு பலித்ததற்குக் காரணம், அந்தக் கேள்விக்குப் பேச்சு தேவைப்படவில்லை என்பதுதான். கத்தோலிக்கரின் நண்பர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். தொழிற்சங்கக் குடும்பத்தின் சம்பந்திகள் இன்னொரு தொழிற்சங்கக் குடும்பம். பல ஆண்டுப் பழக்கத்தால் உருவான விசுவாசம் ஏற்கெனவே அந்த வகைப் பெயர்களுக்குள்ளேயே படிந்து கிடந்தது. உறவைக் கேட்காமலே உறவின் விளைவை அளந்துவிட்டார்கள். ஒரு விஷயம் புதிதாகக் கிளம்பி ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவும்போது, அது வதந்தியோ, நோயோ, கடன் திட்டமோ, தடுப்பூசியோ எதுவானாலும், இந்தக் குறுக்குவழி அடைபட்டுவிடும். பூலுக்கே இது தெரியாமலில்லை. கணிதவியலாளர் மான்ஃபிரெட் கோஹனுடன் சேர்ந்து, முன்பின் தெரியாத இருவரை எத்தனை அறிமுகங்கள் இணைக்கும் என்று 1950-களிலேயே ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். கைப்பிரதியாகவே இருபது ஆண்டுகள் சுற்றிவந்து, ஸ்டான்லி மில்கிராமின் ‘சிறிய உலகம்’ சோதனைக்குத் தூண்டுதலாகி, கடைசியில் 1978-ல்தான் அச்சேறியது அந்தக் கட்டுரை. வாக்காளர் எந்திரமும் அறிமுக வலையும் ஒரே மனிதரின் மேசையில் இருந்தும் ஒன்றோடொன்று சேரவில்லை. சேர்ப்பதற்கான கணினி அன்று இல்லை. அதைவிட முக்கியமாக, தரவு இல்லை.

எதிர்முனையிலிருந்து தொடங்கியவர் தாமஸ் ஷெல்லிங். அவரிடம் சர்வேயும் இல்லை, கணினியும் இல்லை. சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் இரண்டு வகை நாணயங்களைப் பரப்பினார். ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு மிதமான ஆசை: அக்கம்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்காவது தன்னைப் போன்றவர்கள் இருந்தால் போதும், இல்லையென்றால் இடம் மாறும். சிறுபான்மையாக வாழ்வதில் எந்த நாணயத்துக்கும் ஆட்சேபம் கிடையாது. நாணயங்களை நகர்த்த நகர்த்தப் பலகை தனித்தனிச் சேரிகளாகப் பிரிந்துவிட்டது. யாருமே விரும்பாத அளவு பிரிவினை, யாருடைய வெறுப்பும் இல்லாமல் வந்து சேர்ந்தது. பின்னாளில் 2005-ல் பொருளியல் நோபல் பெற்ற ஷெல்லிங்கின் இந்த நாணயங்கள், எந்த நகரத்தையும் பற்றி எதையும் நிரூபிக்கவில்லை. அமெரிக்க நகரங்களின் இனப் பிரிவினைக்கு வங்கிகளும் சட்டங்களும் வீட்டு வியாபாரிகளும் செய்ததை மறைக்க இதைப் பயன்படுத்துவோரும் உண்டு. ஆனால் தனி ஆட்களின் விருப்பத்தைக் கூட்டிப் பார்த்துச் சமூகத்தின் முடிவை ஊகிக்க முடியாது என்பதை அது நிரூபித்தது. அதற்கு நாணயங்கள் போதும்.

இந்த இரண்டு பாதைகளும் சேர்ந்த இடம் நகரம். ஒரு நகரத்தைக் கணினிக்குள் கட்டுவது எப்படி என்று சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் எது உறுதியான தரவு, எது ஊகம் என்பது அங்கேதான் பிரிகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு வட்டாரத்தில் எந்த வயதில் எத்தனை பேர் என்று சொல்லும். எத்தனை பேர் கொண்ட குடும்பங்கள் எத்தனை என்றும் தனியாகச் சொல்லும். மூன்று பேர் குடும்பத்தில் வாழும் எழுபது வயதினர் எத்தனை என்ற சேர்ந்த கணக்கு அந்த வட்டாரத்துக்குக் கிடைக்காது. ஒரு சிறு மாதிரிக் கணக்கெடுப்பில் மட்டுமே இருக்கும். அந்த மாதிரியை எடுத்துக்கொண்டு, முதலில் வரிசைகளை வயதுக் கூட்டுத்தொகைக்குப் பொருந்தப் பெருக்குகிறோம். பிறகு நெடுவரிசைகளைக் குடும்பக் கூட்டுத்தொகைக்குப் பொருத்துகிறோம். அதனால் வரிசைகள் சற்றுக் கலைந்திருக்கும், மீண்டும் சரிசெய்கிறோம். சில சுற்றுகளில் இரண்டும் ஒத்துவந்துவிடும். எட்வர்ட்ஸ் டெமிங்கும் ஃபிரடெரிக் ஸ்டீஃபனும் 1940-ல் அமெரிக்கக் கணக்கெடுப்புக்காக எழுதிய முறை இது. இன்றும் செயற்கை மக்கள்தொகைகளின் அடித்தளம் இதுதான். இப்படிப் பிறந்த கணினி மனிதர்களுக்கு வீடும், வயதுக்கேற்பப் பள்ளியும், வேலையிடமும் ஒதுக்கப்படுகின்றன. லாஸ் அலமாஸ் ஆய்வகம் போக்குவரத்து நெரிசலை ஆராய உருவாக்கிய ஒரு மென்பொருளை வைத்து, ஸ்டீஃபன் யூபேங்கின் குழு 2004-ல் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாண்ட் நகரை இப்படித்தான் கட்டியது. சுமார் 16 லட்சம் பேர், ஏறத்தாழ 1,80,000 இடங்கள். யார் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதிலிருந்து யார் யாரைச் சந்தித்தார் என்ற வலை. பெரியம்மை பரவினால் என்ன செய்வது என்று அந்த வலையில் ஓட்டிப் பார்த்தார்கள். மனிதர்கள் கணக்கெடுப்பிலிருந்து வந்தார்கள்; பயணம், பயணக் குறிப்பேடுகளிலிருந்து வந்தது; ஆனால் ஒரே கட்டடத்தில் இருக்கும் ஐந்நூறு பேரில் யார் யாருக்கு அருகில் வந்தார்கள் என்பது மட்டும் மாதிரியை எழுதியவரின் முடிவு.

அந்தக் கடைசி இடைவெளியை நிரப்ப அன்றுவரை எடுக்கப்பட்ட மிகப் பெரிய முயற்சி ஐரோப்பாவின் பாலிமாட் ஆய்வு. 8 நாடுகளில் 7,290 பேரிடம் ஒரு நாட்குறிப்பைக் கொடுத்து, அன்று யாரையெல்லாம் தொட்டீர்கள், யாரிடம் நேருக்கு நேர் மூன்று வார்த்தைக்குக் குறையாமல் பேசினீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். 2008-ல் வெளியான முடிவில் 97,904 தொடர்புகள் பதிவாகியிருந்தன. ஆளுக்குச் சராசரி பதின்மூன்று சொச்சம். பிள்ளைகள் பிள்ளைகளோடும், பெற்றோர் வயதினரோடும். நடுவயதினர் வேலையிடத்தில் தங்கள் வயதினரோடு. பார்த்தால் யாருக்கும் தெரிந்த விஷயம் போலிருக்கும், ஆனால் அதற்கு முன் யாரும் இந்த அளவில் எண்ணியதில்லை. இந்த ஐரோப்பிய நாட்குறிப்புகளை அடிப்படையாக வைத்து, ஒவ்வொரு நாட்டின் குடும்ப அமைப்பு, பள்ளிச் சேர்க்கை, வேலை விகிதம் ஆகியவற்றுக்கு ஏற்பத் திருத்தி, 152 நாடுகளுக்கான தொடர்பு அட்டவணைகளைக் கியேஷா பிரேமும் சகாக்களும் 2017-ல் கணித்தார்கள். 2020 மார்ச்சில், இந்தியாவில் 21 நாள் ஊரடங்கு தொடங்கிய அதே வாரத்தில், ராஜேஷ் சிங்கும், சென்னைத் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தோடு தொடர்புடைய ரோனோஜய் அதிகாரியும் வெளியிட்ட மாதிரி, இந்த அட்டவணைகளைத்தான் பயன்படுத்தியது. 21 நாள் போதாது, தளர்த்தியதும் தொற்று மீண்டும் எழும் என்றது அது. அந்த அவசரத்தில் வேறெதைப் பயன்படுத்தியிருக்க முடியும்? கையில் இருந்த மிகச் சிறந்த கருவி அதுவே. ஆனால் இந்தியச் சந்தையின், பேருந்தின், திருமண மண்டபத்தின் நெருக்கம் லக்சம்பர்க்கிலும் பின்லாந்திலும் எழுதப்பட்ட நாட்குறிப்பிலிருந்து கணித வழியாக ஊகிக்கப்பட்டது என்ற உண்மையும் அதோடு சேர்ந்தே நிற்கிறது.

அந்த ஆண்டே நிஜத் தொடர்புகள் அளக்கப்பட்டபோது தெரிந்தது இன்னும் சங்கடமான செய்தி. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்த் திரட்டிய தொடர்பு விவரங்களை ரமணன் லட்சுமிநாராயணன் தலைமையிலான குழு ஆராய்ந்தது. கிட்டத்தட்ட 85,000 நோயாளிகள், அவர்களோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேர். தொற்றியவர்களில் ஏறக்குறைய 70 சதவீதத்தினரின் தொடர்பு வட்டத்தில் புதிதாக ஒருவருக்கும் தொற்று கண்டறியப்படவில்லை. மிகச் சிலரிடமிருந்தே பெரும்பகுதி பரவியது. சராசரி மனிதர் சராசரியாக இத்தனை பேருக்குக் கொடுப்பார் என்ற கணக்கு அங்கே யாரையும் குறிக்கவில்லை. மும்பையில் அந்த ஆண்டு ஜூலையில் மூன்று வார்டுகளில் எடுத்த ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பில், குடிசைப் பகுதிகளில் 57 சதவீதத்தினருக்கும் மற்ற பகுதிகளில் 16 சதவீதத்தினருக்கும் எதிர்ப்பணுக்கள் இருந்தன. ஒரே வார்டு, ஒரே வைரஸ், நடுவில் ஒரு தெரு. நகரம் முழுவதற்கும் ஒரே அட்டவணையைப் போட்ட எந்த மாதிரியும் இதைக் கண்டிருக்க முடியாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் கட்டிய மும்பை மாதிரி, குடிசைப் பகுதியையும் மின்சார ரயிலையும் தனித்தனியாக உள்ளே வைத்தது இதனால்தான்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், எழவும் வேண்டும். கோவிட் மாதிரிகள் சொன்னது எதுவும் நடக்கவில்லையே? லண்டன் இம்பீரியல் கல்லூரியின் நீல் ஃபெர்குசன் குழு 2020 மார்ச் 16 அன்று வெளியிட்ட அறிக்கை பிரிட்டனில் 5,10,000 மரணம், அமெரிக்காவில் 22 லட்சம் மரணம் என்றது. அந்த முதல் அலையில் அப்படி ஒன்றும் நிகழவில்லை. ஆனால் அந்த எண்களுக்கு முன்னால் ‘எந்தக் கட்டுப்பாடும் இல்லாவிட்டால், மக்களும் தங்கள் நடத்தையை மாற்றாவிட்டால்’ என்ற நிபந்தனை இருந்தது. அரசு மாற்றியது, அதற்கு முன்பே மக்கள் மாறத் தொடங்கியிருந்தார்கள். ஊரடங்கு நாள்களில் பிரிட்டனில் மீண்டும் நாட்குறிப்பு எழுதச் சொன்னபோது, ஆளுக்குப் பத்துக்கும் மேலிருந்த தினசரித் தொடர்பு மூன்றுக்கும் கீழே விழுந்திருந்தது. ஆகவே ‘தவறான கணிப்பு’ என்று அதைச் சொல்வது நியாயமில்லை. அதற்காக இந்தச் சமாதானத்தோடு திருப்தி அடைந்துவிடுவதும் சரியல்ல. நிபந்தனை என்றுமே நிறைவேறாத ஒரு கணக்கை எதைக் கொண்டு சோதிப்பது? இதற்கு நேர்மையான பதில் ஒன்றுதான். முழு எண்ணைச் சோதிக்க முடியாது. இரண்டு நடவடிக்கைகளுக்கு இடையிலான வித்தியாசத்தைச் சோதிக்க முடியும். ஒரே மாதிரி நகரத்தில், ஒரே தற்செயல் எண்களைக் கொண்டு, பள்ளியைத் திறந்து ஒருமுறையும் மூடி ஒருமுறையும் ஓட்டினால், இரண்டு ஓட்டத்திலும் உள்ள பொதுப் பிழைகள் பெருமளவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். மிஞ்சும் வித்தியாசம் எந்த முழு எண்ணையும்விட நம்பகமானது. எத்தனை பேர் இறப்பார்கள் என்ற கேள்விக்கு இந்த எந்திரம் மோசமான சாட்சி. எது முதலில், எது பிறகு என்ற கேள்விக்குப் பரவாயில்லை.

இரண்டாவது ஆட்சேபம் தொழில்நுட்பத்தின் தரப்பிலிருந்து வரும். உறவுத் தரவு இல்லை என்று புலம்பிய காலம் போய்விட்டது, ஒவ்வொருவர் பையிலும் அதைப் பதிவு செய்யும் கைபேசி இருக்கிறதே? அழைப்புப் பட்டியலும் சமூக ஊடக நட்பும் இருக்கின்றனவே? இருக்கின்றன. ஆனால் அவை எந்த உறவின் தரவு என்று கேட்க வேண்டும். அபிஜித் பானர்ஜி, அருண் சந்திரசேகர், எஸ்தர் டஃப்ளோ, மேத்யூ ஜாக்சன் ஆகியோர் கர்நாடகத்தின் 75 கிராமங்களில் செய்த ஆய்வு இதற்கு நல்ல விடை. 2006-ல் அவர்கள் ‘உங்கள் நண்பர் யார்’ என்று ஒற்றைக் கேள்வி கேட்டு நிறுத்தவில்லை. யார் வீட்டுக்குப் போவீர்கள், யார் உங்கள் வீட்டுக்கு வருவார்கள், மண்ணெண்ணெயோ அரிசியோ தீர்ந்தால் யாரிடம் கேட்பீர்கள், அவசரத்துக்குப் பணம் யார் தருவார், உடம்பு சரியில்லை என்றால் யாரிடம் யோசனை கேட்பீர்கள், கோயிலுக்கு யாரோடு போவீர்கள் என்று பன்னிரண்டு வகை உறவுகளைத் தனித்தனியாகக் கேட்டார்கள். அரிசி கடன் தருபவர் எல்லாம் யோசனை சொல்பவர் அல்ல. கைபேசி அழைப்பில் இந்தப் பிரிவுகள் எல்லாம் ஒரே கோடாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரரோ, தினம் பார்ப்பதால், அழைப்புப் பட்டியலில் வரவே மாட்டார்.

பிறகு அவற்றில் 43 கிராமங்களுக்கு ஒரு குறுங்கடன் நிறுவனம் வந்தது. ஊரில் ஆசிரியர், கடைக்காரர், சுயஉதவிக் குழுத் தலைவி போன்ற சிலருக்கு முதலில் செய்தி சொல்லி, மற்றவர்களுக்கு அவர்கள் மூலம் போகட்டும் என்று விட்டது. சேர்ந்தவர்களின் பங்கு ஊருக்கு ஊர் 7 சதவீதத்திலிருந்து 44 சதவீதம்வரை வேறுபட்டது. முதலில் செய்தி கேட்டவர்கள் அந்த ஊர் வலையில் எவ்வளவு மையத்தில் இருந்தார்கள் என்பது இந்த வேறுபாட்டில் கணிசமான பகுதியை விளக்கியது. வலையும் விளைவும் இரண்டுமே கையில் இருந்ததால், ஆய்வாளர்களால் கிராமங்களைக் கணினியில் ஓட்டி, எந்த விதி நிஜத்தைத் தருகிறது என்று பார்க்க முடிந்தது. நண்பர் கடன் வாங்கினார் என்பதற்காக யாரும் வாங்கியதாகத் தெரியவில்லை. நண்பர் மூலம் செய்தி தெரிந்ததுதான் காரணம். கடன் வாங்காதவர்களும் செய்தியைக் கடத்தினார்கள். சேர்க்கையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவர்கள் வாய்வழியே வந்தது. அண்டை வீட்டாரைப் பார்த்துச் செய்தார்களா, அவர் சொல்லிக் கேள்விப்பட்டார்களா என்ற இந்த வேறுபாட்டை எத்தனை ஆயிரம் பேரிடம் கருத்துக்கணிப்பு நடத்தினாலும் பிரித்தறிய முடியாது. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் வேலை இதுதான். மனிதர்களின் எண்ணிக்கையில் போர்ட்லாண்டின் ஓரத்துக்குக்கூட இது வராது. கேட்க வேண்டியதைக் கேட்டது இது ஒன்றே.

இவ்வளவு சொன்ன பிறகு, உறவையும் முழுமையாக அளந்துவிட்டால் எதிர்காலம் கையில் கிடைத்துவிடும் என்ற எண்ணம் வரும். இங்கேதான் பேரத்தின் மறுபாதி. மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவர் 2006-ல் வெளியிட்ட ஒரு சோதனையில் 14,341 பேர் இணையத்தில் 48 பாடல்களைக் கேட்டார்கள். எல்லாம் பெயர் தெரியாத குழுக்களின் பாடல்கள். வந்தவர்களைத் தற்செயலாகப் பிரித்து, சிலருக்குப் பாடல்களை மட்டும் காட்டினார்கள். மற்றவர்களை எட்டு ‘உலகங்களில்’ ஒன்றில் விட்டு, அந்த உலகத்தில் தங்களுக்கு முன் வந்தவர்கள் எதை எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்பதையும் காட்டினார்கள். எட்டு உலகங்களிலும் ஒரே வகை மனிதர்கள், அதே பாடல்கள், அதே விதி. முடிவுகள் மட்டும் எட்டு. ‘லாக்டவுன்’ என்ற பாடல் ஒரு உலகத்தில் முதலிடம், இன்னொன்றில் நாற்பதாவது இடம். மிக நல்ல பாடல்கள் அடிமட்டத்துக்குப் போவதும் மிக மோசமானவை மேலே வருவதும் அரிது. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம். பிறர் செய்வது அதிகமாகக் கண்ணில் பட்டபோது உலகங்களுக்கு இடையிலான வித்தியாசமும் அதிகமானது. கவனியுங்கள், இது நம் அறியாமையால் வந்த நிச்சயமின்மை அல்ல. எட்டில் ஏழு உலகங்களைப் பற்றி முழுதும் தெரிந்துகொண்டாலும் எட்டாவதன் முதல் பாடலைச் சொல்ல முடியாது. ஒருவரையொருவர் பார்த்து நடக்கும் சமூகத்துக்கு ஒரே நாளை கிடையாது. ஒரு கொத்து நாளைகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றில் நாம் வாழ்கிறோம். அந்தக் கொத்து எவ்வளவு அகலம் என்று அளந்து சொல்வதே மாதிரிச் சமூகத்தின் வேலை. மிக நல்ல பாடல் அரிதாகவே மூழ்கும் என்பதைப் போல, அந்த அகலத்துக்குள் உறுதியான சில வரம்புகளும் தெரியும்.

தனி ஆட்களைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் கடுமை. அமெரிக்கப் பெருநகரங்களில் ஆயிரமாண்டுத் திருப்பத்தை ஒட்டிப் பிறந்த 4,242 குழந்தைகளின் குடும்பங்களைப் பற்றிய தரவை, ஏறத்தாழ 13,000 விவரங்களோடு, 160 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்தார்கள். பதினைந்து வயதில் பிள்ளையின் மதிப்பெண், குடும்பத்தின் வறுமை போன்ற ஆறு விஷயங்களைக் கணிக்க வேண்டும். 2020-ல் வெளிவந்த முடிவு: ஆகச் சிறந்த கணிப்புகூட வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கையே விளக்கியது, சிலவற்றில் இருபதில் ஒரு பங்கை; நான்கே விவரங்களைக் கொண்ட எளிய சூத்திரம் அதற்குச் சற்றே பின்னால் நின்றது. பதின்மூன்றாயிரம் விவரங்களுக்குக் கிடைத்த கூலி அவ்வளவுதான்.

இப்போது மொழி மாதிரிகளின் காலம். 480 அட்டை வகைகளுக்குப் பதிலாக, பேசும் பாத்திரங்களையே கணினிக்குள் விடலாம் என்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜூன் சுங் பார்க்கும் சகாக்களும் 2024-ல் 1,052 பேரைத் தலா இரண்டு மணி நேரம் பேட்டி கண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு கணினிப் பிரதியை உருவாக்கினார்கள். மனிதர்களே இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் தங்கள் பழைய பதிலை அப்படியே சொல்வதில்லை. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பொதுச் சமூக சர்வேயின் கேள்விகளில் பிரதிகள் 85 சதவீதம் ஒத்துப்போயின. பேட்டியில்லாமல் வயது, இனம், கட்சி மட்டும் சொல்லி உருவாக்கும் பிரதிகளோ நிஜ மக்களைவிட ஒரே மாதிரியாகப் பதில் சொல்கின்றன என்பதை வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிரானவெட்டரின் கூட்டத்தில் முடிவைத் தீர்மானித்தவர் சராசரியிலிருந்து மிக விலகி நின்ற ஓரத்து ஆள். ஓரத்தை மழுங்கடிக்கும் கருவி முதலில் தொலைப்பது அவரைத்தான். இன்னொன்றும் உண்டு: ஆயிரம் பிரதிகளுக்கும் பின்னால் இருப்பது ஒரே மொழி மாதிரி. அது ஒரு விஷயத்தில் தவறினால் ஆயிரம் பேரும் ஒரே திசையில் தவறுவார்கள்; தனித்தனிப் பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்ற சர்வேயின் பழைய ஆறுதல் இங்கே செல்லாது. இந்தப் பிரதிகளை ஓர் ஊரில் குடியமர்த்தினால் யார் யாருக்குப் பக்கத்து வீடு என்பதை முடிவு செய்பவரும் ஆய்வாளர்தான். பேட்டி எவ்வளவு நீண்டாலும், பேட்டி கொடுத்த 1,052 பேரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள்.

கர்நாடகக் கிராமங்களுக்கு ஒரு பின்கதை இருக்கிறது. இந்த அத்தியாயத்தின் வாதத்துக்கே அது ஒரு நெருடல். கடன் நிறுவனம் வந்த பிறகு ஆய்வாளர்கள் திரும்பிப் போய் உறவு வலையை மீண்டும் அளந்தார்கள். நிறுவனம் வராத ஊர்களோடு ஒப்பிட்டால், வந்த ஊர்களில் உறவுகள் குறைந்திருந்தன. கடன் வாங்கியவர்கள் அண்டை வீட்டாரிடம் கைமாற்று கேட்பதை விட்டிருப்பார்கள் என்று எளிதாக விளக்கலாம். ஆனால் கடன் வாங்கும் வாய்ப்பு மிகக் குறைவானவர்களுக்கு இடையிலும் உறவு அறுந்திருந்தது. செய்தி எந்த வலை வழியாகப் போனதோ, அந்தச் செய்தியே வலையை மாற்றிவிட்டது. 2006-ல் கவனமாக அளந்த வலையை வைத்து அடுத்த பத்தாண்டுத் திட்டத்தைக் கணினியில் ஓட்டினால், இல்லாத ஊரில் ஓட்டியதாகும். இந்தியாவின் மாதிரி நகரங்களுக்கு இது இரட்டைச் சிக்கல். 2021-ல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், மனிதர்களே 2011-ஐச் சேர்ந்தவர்கள். உறவுத் தரவு அதைவிடவும் பின்தங்கியது.

ஒவ்வொரு முறையும் ஊர் முழுவதும் பன்னிரண்டு கேள்விகளோடு போவது யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் வலையின் எல்லாக் கோடுகளும் எல்லாக் கேள்விக்கும் தேவையில்லை. பானர்ஜியும் சகாக்களும் பிறகு ஒரு சிக்கனமான வழியைச் சோதித்தார்கள்: ‘ஊருக்கெல்லாம் ஒரு செய்தி போய்ச் சேர வேண்டுமென்றால் யாரிடம் சொல்ல வேண்டும்?’ என்று ஊர்க்காரர்களையே கேட்பது. வரைபடம் எதையும் பார்த்திராத அவர்கள், வலையின் மையத்தில் இருப்பவர்களைச் சரியாகவே சுட்டினார்கள். கர்நாடகத்தின் 213 கிராமங்களில் அப்படிச் சுட்டப்பட்டவர்களிடம் விடப்பட்ட செய்தி, தற்செயலாகத் தேர்ந்தவர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் விடப்பட்டதைவிட அதிகம் பரவியது. ஹரியானாவில் 517 கிராமங்களில் தடுப்பூசி முகாம் பற்றிய நினைவூட்டல்களை இதே முறையில் அனுப்பியபோது, தற்செயலாகத் தேர்ந்தவர்கள் மூலம் அனுப்பியதைவிட மாதந்தோறும் 22 சதவீதம் கூடுதல் குழந்தைகள் வந்தார்கள். இந்த ஒரு கேள்வியைத் தேசியக் குடும்பநல சர்வேயின் படிவத்தில் சேர்க்க அரைப் பக்கம் போதும். யாருடைய பெயரையும் பதிலில் வைத்திருக்க வேண்டியதில்லை, எத்தனை பேர் ஒரே ஆளைச் சுட்டினார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் இருந்தால் போதும் என்பதால், தனிநபர் விவரம் குறித்த அச்சத்தையும் அது கிளப்பாது.